புகை கழுவிய கதை

இலண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உழைப்பாளர் குடியிருந்த பகுதி பாட்டர்சீ. எதிர்க்கரையிலோ செல்வர் மாளிகைகள், பாராளுமன்றம், ஓவியம் நிறைந்த டேட் கலைக்கூடம்! 1929-இல் பாட்டர்சீயில் நிலக்கரி மின்நிலையப் பணி தொடங்கியபோது எதிர்ப்பு வெடித்தது. கட்டடங்கள் அரிக்கப்படும், ஓவியங்கள் பாழாகும், பூங்காக்கள் வாடும் என்றனர். ஓவியத்திற்காக வருந்தியோரை நாம் பழிக்கவில்லை. ஏழையின் நுரையீரலுக்கு அத்தகைய வழக்கறிஞர் வாய்த்ததுண்டா என்றுதான் கேட்கிறோம்.

குரலுக்கு வலிவிருந்தது, வழி பிறந்தது. 1933-இல் மின்சாரம் பிறந்தபோது, கந்தகப் புகையைத் தேம்ஸ் நீரால் கழுவும் ஏற்பாடும் உடன் இயங்கிற்று. நாட்டின் பிற நிலையங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பேறு இல்லை. கழுவிய நீர் எங்கே சென்றது? அதே தேம்ஸுக்கு! குளிர்ந்த புகையோ மேலெழ வலுவின்றி அருகிலேயே தாழ்ந்தது. விஞ்ஞானம் தோற்றதென்று இதற்குப் பொருளல்ல. நஞ்சை இடம் மாற்றுவதையே நஞ்சை நீக்குவதாகக் கணக்கெழுதினர், அவ்வளவே.

வீட்டடுப்பின் புகையும் ஆலைப்புகையும் கலந்த மூடுபனி 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. அதன் பின்னரே, 1956-இல், தூய காற்றுச் சட்டம் வந்தது.

பாட்டர்சீயின் உலைகள் 1983-இல் அணைந்தன. 2022-இல் அக்கட்டடம் மீண்டும் திறக்கப்பட்டது, அங்காடிகளாகவும் செல்வர் வாங்கும் குடியிருப்புகளாகவும்.