எளிய சொல்லும் அரிய பொருளும்: ‘தாவோ’ வடமொழிக்குப் பெயர்ந்த வரலாறு

‘தாவோ தே சிங்’ ஏறத்தாழ ஐயாயிரம் சீன எழுத்துகளால் ஆன சிறுநூல். நீர், சக்கரத்தின் குடம், மண்கலம், சிறுமீன் சமைத்தல் என அன்றாடம் கண்ட பொருள்களைக் கொண்டே மெய்ப்பொருளையும் அரசியலையும் அது பேசுகிறது. இவ்வெளிமை வேற்றுமொழிக்குச் செல்லும்போது என்னவாகும் என்பதற்கு இந்திய வரலாற்றோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று நமக்குச் சான்றாக உள்ளது.

காமரூப மன்னன் பாஸ்கரவர்மன் இந்நூலை வேண்டியதாகச் சீனத் தூதர் லி யிபியாவ் அறிவித்தார். அதன்பேரில் 647ஆம் ஆண்டில் தாங் பேரரசர் தைசோங் அதனை வடமொழியில் பெயர்க்குமாறு ஆணையிட்டார். காஞ்சிபுரத்தைப் பற்றிய குறிப்புகளால் தமிழுலகு நன்கறிந்த யுவான் சுவாங்கிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. செங் சுவான்யிங் முதலான தாவோ அறிஞர்களும் உடனிருந்தனர்.

பூசல் நூலின் தலையாய சொல்லிலேயே தோன்றியது. ‘தாவோ’ என்பதைப் ‘போதி’ எனப் பெயர்க்க வேண்டுமெனத் தாவோ அறிஞர்கள் வற்புறுத்தினர். பழைய பௌத்த மொழிபெயர்ப்பாளர்கள் போதியைத் ‘தாவோ’ என்றே சீனத்தில் குறித்திருந்ததால், அவர்தம் வாதத்தை முற்றிலும் ஆதாரமற்றது எனத் தள்ளிவிட இயலாது. யுவான் சுவாங்கோ போதி என்பது விழிப்பு, தாவோ என்பது வழி எனப் பிரித்துக் காட்டி, ‘மார்க்கம்’ என்னும் சொல்லையே கொண்டார். பற்களைத் தட்டுதல், உமிழ்நீரை விழுங்குதல் ஆகிய பயிற்சிகளைக் கூறும் முன்னுரையை இந்தியர் நகைப்பர் எனக் கருதி அதனைப் பெயர்க்கவும் அவர் மறுத்தார்.

இங்கு நம் கவனத்திற்குரியது ஒரு முரண். தம் நூலின் எளிமையைக் காத்திருக்க வேண்டியவர்கள் பெருமதிப்புடைய கலைச்சொல் ஒன்றை நாடினர். மாற்றுச் சமயத் துறவியோ எவரும் நடந்து செல்லும் வழியைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தார். அவர் நோக்கம் தாவோவின் எளிமையைப் போற்றுவதன்று, பௌத்தத்தின் எல்லையைக் காப்பதே என நாம் கருதுகிறோம். மார்க்கமும் பௌத்தத்தில் கலைச்சொல்லே என்பதை அவர் அறியாதவரல்லர். ஆயினும் அச்சொல் நடைவழி என்னும் தன் பழம்பொருளை இழந்துவிடவில்லை. போதி என்று பெயர்த்திருந்தால் காமரூபத்து வாசகர் லாவோசியை மற்றொரு பௌத்த ஆசிரியராகவே படித்திருப்பர்.

இவ்விவாதத்தைப் பதிவுசெய்த தாவ்சுவானும் (596–667) பௌத்தத் துறவியே. ஆகவே தாவோ அறிஞர்களின் வாதம் எதிர்த்தரப்பின் எழுத்து வழியாகவே நம்மை வந்தடைந்துள்ளது என்பதை மறத்தல் கூடாது. அந்த வடமொழிப் பெயர்ப்பின் படி எதுவும் இன்று கிடைக்கவில்லை.