சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறை

1958 ஜனவரி முதலாம் திகதி இலங்கையின் தனியார் பஸ் கம்பெனிகள் ஒரே நாளில் அரசுடைமையாகின. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா மெர்சிடிஸ் பென்ஸ் பஸ் ஒன்றில் பயணம் செய்து புதிய போக்குவரத்துச் சபையைத் தொடக்கிவைத்தார். சபையின் கைக்கு வந்து சேர்ந்ததோ, பல முதலாளிகள் பல காலத்தில் வாங்கி ஓட்டிய பல ரக வண்டிகள். நாடு முழுவதற்கும் அவற்றை நாள் தவறாமல் ஓட்ட வேண்டுமென்றால், எஞ்சினைக் கழற்றி மறுபடி ஒழுங்காகப் பூட்டத் தெரிந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் இலங்கையின் மிகப் புகழ்பெற்ற தொழிற்பயிற்சிக் கூடம் பிறந்தது.

அதுவரை இலங்கையில் மெக்கானிக் ஆவதற்கு ஒரே வழி பாஸிடம் போய்ச் சேர்வது. மேசனையும் தச்சரையும் கராஜ் மேஸ்திரியையும் சிங்களத்திலும் இலங்கைத் தமிழிலும் ‘பாஸ்’ என்றே அழைப்பார்கள். தலைவன் என்ற பொருளில் ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. பையன் முதலில் கருவி எடுத்துக் கொடுப்பான், கழற்றிய பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான், எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் வித்தையைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். சம்பளம் அநேகமாகச் சாப்பாடுதான். இந்த வழியில் அருமையான கைகள் உருவாகியிருக்கின்றன. ஆனால் வரைபடம் வாசிப்பதும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பதும், ஒரு வேலையை எல்லாரும் ஒரே மாதிரிச் செய்வதும் பாஸின் கராஜில் கிடைப்பது அரிது. கொழும்பில் 1893 முதல் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை ஒன்று இருந்தாலும், கிராமத்துக் கராஜ் பையன் அதன் வாசலை எட்டிப் பார்ப்பது எளிதாக இருக்கவில்லை.

மேற்கு ஜேர்மனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1959 இல் இலங்கை – ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் இடம் வெரஹெர. அது போக்குவரத்துச் சபையின் பெரிய பட்டறை இருந்த இடம். பின்னாளில் நிறுவனம் மொரட்டுவைப் பக்கம் பெயர்ந்தது. மக்கள் வாயில் அது இன்றும் ‘ஜேர்மன் டெக்’தான்.

ஜேர்மன் பயிற்சி மரபில் தொடக்கப் பாடம் அரம். வைஸில் ஓர் இரும்புத் துண்டைக் கவ்வவைத்து, தோளும் முழங்கையும் ஒரே சீராக அசைய, அதை ராவ வேண்டும். தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது அழுத்தக் கூடாது. கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரும்பின் நடு மேடாகி ஓரங்கள் சரிந்துவிடும். மூலைமட்டத்தை மேலே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் குற்றம் உடனே தெரியும்: மட்டத்துக்கும் இரும்புக்கும் இடையே மயிரிழை போல ஒளி கசியும். கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பும். லேத் மெஷின் பக்கம் போவது அதற்குப் பிறகுதான். வேலைக்காரனுக்கு முதலில் பழக வேண்டியது பொறுமையும் துல்லியமும்தான் என்பது அந்த மரபின் நம்பிக்கை.

ஆனால் வெரஹெரவில் வேர் பிடித்தது அரமும் லேத்தும் மட்டுமல்ல. ஜேர்மனியில் தொழில் பழகும் இளைஞன் வாரத்தில் சில நாட்கள் கம்பெனியிலும் சில நாட்கள் தொழிற்பாடசாலையிலும் இருப்பான். அவனுக்குப் படி கொடுப்பதும் கம்பெனிதான். அந்த ‘இரட்டை முறை’யை இங்கே கொண்டுவர ஒரு கம்பெனி வேண்டியிருந்தது. போக்குவரத்துச் சபை அந்த இடத்தை நிரப்பியது. வகுப்பறைச் சுவருக்கு அந்தப் பக்கம் பழுதான பஸ்கள் வரிசையில் நின்றன. படித்தவனுக்கு வேலை காத்திருந்தது. வேலைக்கு ஆள் காத்திருந்தது. பிற்காலத்தில் கோடிக்கணக்கில் பணம் கொட்டிய திட்டங்களுக்கும் எளிதில் வாய்க்காத பொருத்தம் அது.

அதே காலத்தில் வேறொரு கொடையும் வந்தது. கொழும்புத் திட்டம் 1950 இல் கொழும்பில் கூடிய கொமன்வெல்த் வெளிநாட்டு அமைச்சர்கள் மாநாட்டில் உருவான யோசனை. அதன் வழியாகக் கனடாவின் உதவியோடு 1960 இல் கட்டுபெத்தையில் செயன்முறைத் தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. கைவினைஞருக்கும் பொறியியலாளருக்கும் நடுவே நிற்கும் தொழில்நுட்பவியலாளரை உருவாக்குவது அதன் நோக்கம். 1966 இல் அது தொழில்நுட்பக் கல்லூரியானது, 1972 இல் பல்கலைக்கழக வளாகமானது, 1978 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமானது. நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் எந்த நடுப்படிக்காக அந்தக் கட்டடம் எழுப்பப்பட்டதோ, அந்தப் படி பின்னுக்குப் போனது. பட்டம் தராத படிப்பு எதுவும் பட்டத்தை நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

கொடுப்பவரின் அரசியலும் கூடவே வந்தது. 1964 இல் கொழும்பில் கிழக்கு ஜேர்மனி துணைத்தூதரகம் திறக்க ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இடங்கொடுத்தது. கிழக்கு ஜேர்மனியை நாடாக மதிக்கிறவரோடு நட்பு இல்லை என்பது அன்றைய மேற்கு ஜேர்மனியின் கொள்கை. அதன்படி மேற்கு ஜேர்மனி இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1965 இல் ஆட்சி மாறிய பிறகே கதவு மறுபடி திறந்தது. பெர்லினைப் பற்றிய சண்டை, கொழும்பின் பணப்பெட்டி வரை எட்டியது.

1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர்கள் ஆயுதம் தூக்கினார்கள். அவர்களில் பலர் படித்தவர்கள். படிப்புக்கு ஏற்ற வேலை இல்லாதவர்கள். அதே ஆண்டு பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழு இலங்கைக்கு வந்து, பாடசாலை வளர்க்கும் எதிர்பார்ப்பும் நாட்டில் உள்ள வேலையும் பொருந்தவில்லை என்று அறிக்கை எழுதியது. தொழில் பழகுநர் சட்டமும் அந்த ஆண்டுதான் நிறைவேறியது. 1972 இன் கல்விச் சீர்திருத்தம் பாடசாலைக்குள்ளேயே தொழில்முன் பாடங்களைக் கொண்டுவந்தது. 1977 இல் ஆட்சி மாறியதும் அவை கைவிடப்பட்டன. 1976 இல் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் ‘தி டிப்ளோமா டிஸீஸ்’ என்ற நூலில், சான்றிதழுக்காகவே படிக்கும் நோய்க்கு இலங்கையையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார்.

1990 க்குப் பிறகு உதவியின் உருவமே மாறியது. முன்பு வந்தவை இயந்திரங்களும் நிபுணர்களும். இப்போது வந்தவை கடனும் சட்டகமும். 1990 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு அமைந்தது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2004 இல் ஏழு படிகள் கொண்ட தேசிய தொழில் தகைமை முறை, அதாவது என்.வி.கியூ., நடைமுறைக்கு வந்தது. முதல் நான்கு படிகள் சான்றிதழ், அடுத்த இரண்டும் டிப்ளோமா, ஏழாவது பட்டம்.

இந்த முறையில் மெய்யாகவே மதிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு: முன்கற்றதை அங்கீகரிப்பது. இருபது வருடம் சுவர் கட்டிய மேசன் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் முன் தன் வேலையைச் செய்து காட்டினால், அவர் கைத்திறனுக்கு அரசு முத்திரையோடு ஒரு தாள் கிடைக்கும். பாஸிடம் பழகியது வெட்கப்படவேண்டிய விஷயமல்ல என்று அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அந்தத் தாளின் பெறுமதி சொல்லத் தேவையில்லை.

2014 இல் தொடங்கிய திறன் அபிவிருத்தித் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி டொலரும், உலக வங்கி ஏறத்தாழ அதே தொகையும் கடன் கொடுத்தன. பணம் தவணை தவணையாக, குறித்த இலக்குகள் எட்டப்பட்ட பிறகே கைக்கு வரும் என்பது ஏற்பாடு. எண்ணக்கூடியதை எண்ணி அனுப்புவது இதனால் முக்கியமானது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்பதை எண்ணலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிறதா என்பதை அட்டவணையில் காட்டுவது கடினம்.

வடக்கில் அந்தக் கேள்வி இன்னும் உறைக்கும். ஒருகாலத்தில் அங்கேயும் சுவருக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை, பரந்தனில் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இரசாயனத் தொழிற்சாலை. பிட்டரும் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் அங்கே தொழில் பழகினார்கள். உள்நாட்டுப் போர் இரண்டையும் மூடவைத்தது. ஒரு தலைமுறை கராஜிலும் அகதி முகாமிலும் கடல் கடந்தும் சிதறியது.

2009 இல் போர் முடிந்தபோது கிளிநொச்சி நகரம் கூரையில்லாத சுவர்களாக நின்றது. ஏழு வருடம் கழித்து, 2016 இல், அதற்குத் தெற்கே அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. பணம் ஜேர்மன் அரசுடையது. வாகனம், கட்டுமானம், மின்சாரம், உணவுத் தொழில்நுட்பம், கணினி, இயந்திரம் எனத் துறைகள். அருகிலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள். வன்னிப் பிள்ளைகள் தங்கள் மண்ணில் நின்றே நல்ல இயந்திரத்தைத் தொட்டுப் பழகக்கூடிய இடம் அது. அங்கே போய்ப் படிக்கும் ஒவ்வொரு பெண்ணும் பையனும் அந்த மண்ணின் இழப்புக்கு ஒரு பதில்.

வெரஹெரவில் ஜேர்மனியர் வந்திறங்கியபோது பட்டறை முன்பே இருந்தது. அறிவியல் நகரில் பயிற்சிக் கூடம் முதலில் வந்திருக்கிறது. பட்டறைதான் இனி வரவேண்டும். ஏ9 வீதியில் வடக்கே போனால் கிளிநொச்சி, அதைத் தாண்டினால் பரந்தன். அங்கே தொழிற்சாலை நின்ற காணி போர் முடிந்த பிறகும் பல வருடம் ஒரு முதலாளிக்காக, ஓர் அமைச்சுக்காக, யாரோ ஒருவருக்காகக் காத்துக்கிடந்தது.