மென்பொருள் பணியை வெளியாரிடம் ஒப்படைக்கலாமா? நிறுவனங்கள் முடிவெடுக்கும் முறை



நம் புதுக்கோட்டை மாவட்டம் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவை மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுப்பவர்கள் டி.சி.எஸ். நிறுவன ஊழியர்கள். ஆவணங்களைச் சரிபார்த்து ஒப்புதல் தருபவர்களோ அரசு அதிகாரிகள். வெளியுறவு அமைச்சகம் 2008-ல் மென்பொருளையும் முகப்புப் பணியையும் அந்நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வழங்கும் அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2022-ல் இரண்டாம் கட்டமும் அதே நிறுவனத்திற்கே சென்றது.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதே இதில் முதல் கேள்வி. சம்பளக் கணக்கு போன்ற பொதுவான வேலையை வெளியே கொடுக்கலாம். தொழிலின் உயிர்நாடியான வேலையை நிறுவனங்கள் தம் கையிலேயே வைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது, செலவு. வெளியார் கேட்கும் தொகையைச் சொந்த ஊழியரின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தவறும். மேற்பார்வை, பின்னால் வரும் மாற்றங்கள், பணியைத் திரும்பப் பெறும் செலவு ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆளும் காலமும். திறமையானவர்கள் நம்மிடம் இல்லை, வேலையோ அவசரம் என்றால் வெளியே கொடுப்பதே நல்லது.

நான்காவது, தகவல் பாதுகாப்பு. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு கொடுத்தவரையே சாரும்.

ஐந்தாவது, ஒப்பந்தம். உரிமையை எழுதி வாங்காவிட்டால், வெளியார் உருவாக்கிய மென்பொருளின் பதிப்புரிமை பொதுவாக அவரிடமே தங்கிவிடும். பிரியும்போது தரவுகளை எப்படித் திருப்பித் தருவார் என்பதையும் முன்கூட்டியே எழுத வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கச் சொல்லும் 2:282 வசனம்தான் திருக்குர்ஆனிலேயே நீளமானது என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்திய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர், பாதையறிந்தவர், நம்பகமானவர். ஆனால் மக்கள் கொடுத்து வைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை அலீ (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள். திறமையைக் கூலிக்குப் பெறலாம். அமானிதத்தை அதற்கு உரியவரிடமே விட வேண்டும்.

ஐ.டி. துறைக்குச் செல்லும் நம் பிள்ளைகளும் இதை அறிய வேண்டும். யாரும் செய்யக்கூடிய வேலையே முதலில் இடம் மாறும். நிறுவனத்தின் தொழிலையே புரிந்து வேலை செய்பவரை எளிதில் இழக்க மாட்டார்கள். ஜமாஅத்தின் சந்தா கணக்கு, மதரஸா மாணவர் விவரம் ஆகியவற்றுக்கு மென்பொருள் வாங்கும் நிர்வாகிகளும் இந்த ஐந்தையும் மஷ்வராவில் வைத்துப் பேசிய பிறகே கையெழுத்திடட்டும்.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்குவானாக, ஆமீன்.