அரியலூர் புகையை யார் வாங்குவாங்க?

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்குப் போனா, காலடியில ஒரு பழைய கடல் கிடக்கும். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க நிஜமாவே கடல். சுருள் ஓடு போட்ட அம்மோனைட்டுகளோட படிமங்களை மழை அரிச்ச ஓடைகள்ல இன்னிக்கும் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் பக்கத்து அரியலூர்ல வெட்டி சிமெண்ட் ஆக்குறாங்க.

சிக்கலும் அந்தக் கல்லுக்குள்ளதான் இருக்கு. சுத்தமான சுண்ணாம்புக்கல்லோட எடையில 44 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சூளைக்கு நிலக்கரிக்குப் பதிலா வேற எதைப் போட்டாலும், கல்லு வெந்தா அது வெளிய வந்தே தீரும். 2019 செப்டம்பர்ல டால்மியா சிமெண்ட் ஒரு அறிவிப்பு விட்டாங்க: அரியலூர் ஆலையில வருஷத்துக்கு 5 லட்சம் டன் பிடிக்கிற நிலையம். தொழில்நுட்பம், கார்பன் க்ளீன் சொல்யூஷன்ஸ். ஐஐடி கரக்பூர்ல படிச்ச அனிருத்தா சர்மாவும் பிரதீக் பம்பும் 2009ல ஆரம்பிச்ச கம்பெனி.

எப்படிப் பிடிக்கிறாங்க? ஒரு கோபுரத்துல புகை மேல ஏறும், அமீன் கலந்த தண்ணி கீழ இறங்கும். 40 டிகிரி வாக்குல கார்பன் டை ஆக்சைடு அமீனோட ஒட்டிக்கும். அடுத்த கோபுரத்துல 120 டிகிரிக்குச் சூடாக்கினா விட்டுடும். கரைசல் திரும்பவும் முதல் கோபுரத்துக்குப் போகும். காசு கரையுறது அந்தச் சூட்டுலதான். போதாக்குறைக்கு நிலக்கரிப் புகையில இருக்கிற கந்தகமும் ஆக்சிஜனும் அமீனைக் கெடுத்துடும். லேப்ல ஓடின கோடு ப்ரொடக்‌ஷன்ல படுத்துக்குமே, அந்தக் கதைதான். அதனாலதான் நிஜப் புகையில சோதிக்கணும்னு 2012ல நார்வே மோங்ஸ்டாட்ல தனியா ஒரு சோதனை மையமே திறந்தாங்க.

ஆனா ஐடியா ரொம்பப் பழசு. அமெரிக்கால பாட்டம்ஸ்ங்கிறவருக்கு 1930லயே பேட்டன்ட் கிடைச்சாச்சு. அவர் மனசுல பருவநிலை எல்லாம் இல்லை, வாயுக்களைச் சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான். 1978ல கலிஃபோர்னியா ட்ரோனாவுல நிலக்கரி பாய்லர் புகையில இருந்து பிடிச்சாங்க, சோடா உப்பு தயாரிக்க. 2014ல கனடாவோட பவுண்டரி டேம் மின்நிலையத்துல பிடிச்சாங்க, எண்ணெய் வயலுக்கு விற்க.

2016ல தூத்துக்குடி. டியூட்டிகோரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலைக்கு உப்போடயும் அம்மோனியாவோடயும் சேர்க்க கார்பன் டை ஆக்சைடு தேவை. தன் நிலக்கரி பாய்லர் புகையில இருந்தே எடுத்துக்க ஆரம்பிச்சாங்க, கார்பன் க்ளீனோட கரைசலை வெச்சு. வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கிற நிலையம், அரசு மானியம் இல்லாம. டன்னுக்கு சுமார் 30 டாலர்தான் செலவுன்னு சொன்னாங்க. உலக மீடியாவே திரும்பிப் பார்த்துச்சு. எனக்கும் பெருமைதான். ஒண்ணை மட்டும் சொல்லிடறேன்: அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போனா, பிடிச்ச வாயு திரும்பக் காத்துலதான் கலக்கும்.

2022ல என்டிபிசி விந்தியாச்சல் மின்நிலையத்துல ஒரு நாளைக்கு 20 டன் பிடிக்கிற நிலையம் வந்துச்சு. அங்க திட்டம், மெத்தனால் தயாரிக்கிறது.

கவனிச்சீங்களா? ட்ரோனா, பவுண்டரி டேம், தூத்துக்குடி, மூணு இடத்துலயும் வாயு வேணும்னு ஒரு ஆள் ஏற்கெனவே காத்திருந்தார். அரியலூர் அறிவிப்போட அளவு தூத்துக்குடியை விட எட்டு மடங்குக்கும் மேல. பிடிச்சதை வேற தொழிற்சாலைகளுக்கு விற்கலாமா, ரசாயனம் தயாரிக்கலாமான்னு ஆராய்வோம்னுதான் அப்போ சொன்னாங்க. வருஷா வருஷம் 5 லட்சம் டன்னை வாங்கிக்கப் போறது யாருன்னு அந்த அறிவிப்புல ஒரு பேர் இல்லை.