மூச்சுக்கும் ஒரு மரைக்கால்

படுவான்கரையில் வெட்டுற நெல் வாவியைத் தாண்டி எழுவான்கரை மில்களுக்கு வருகுது. மில்லுக்குள்ள உமித்தூசி புகை மாதிரி நிற்கும். எங்கட நண்பன் ஒருவனின் அப்பா அங்கே இருபது வருசமாக மூட்டை தூக்குகிறார். போன வருசம் முட்டு கூடி கிளினிக்குக்குப் போனபோது நாங்களும் துணைக்குப் போனோம். குழாயை வாயில் வைத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்றார்கள். மெஷின் வயதைக் கேட்டது, உயரத்தைக் கேட்டது, பிறகு இனத்தையும் கேட்டது. பட்டியலில் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. "மற்றவை" என்று அழுத்தினார்கள். மூச்சுக்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றைத் தேடினோம்.

அந்த மெஷினின் பெயர் ஸ்பைரோமீற்றர். ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 2,130 பேரை ஊதச் செய்து, 1846இல் முடிவுகளை வெளியிட்டார். உயரம் கூடக் கூட மூச்சின் அளவும் கூடுது என்று காட்டினார். ஆயுள் காப்புறுதி கொடுக்கும்போது ஆளைச் சோதிக்கவும் இது உதவும் என்றார். ஆக, தொடக்கத்திலேயே இந்தக் கருவிக்கு இரண்டு எசமான்கள்: வைத்தியமும் காசும்.

இந்த இரண்டும் கடுமையாக மோதிய இடம் நிலக்கரிச் சுரங்கம். 1968 நவம்பரில் அமெரிக்காவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் செத்தார்கள். அடுத்த பெப்ரவரியில் வெஸ்ட் வேர்ஜினியாவில் சுமார் 40,000 தொழிலாளர்கள், கரித்தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு நட்டஈடு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 1969 முடியமுன் சட்டம் வந்தது. ஆனால் எக்ஸ்ரே படம் எல்லாரின் நோயையும் காட்டாது. அதனால் ஊதி வருகிற எண்ணுக்கு மதிப்புக் கூடியது.

ஒரு மெஷினில் ஒரு எண், இன்னொன்றில் வேறொன்று வந்தால் என்ன செய்வது? அமெரிக்க மார்பு நோய் வைத்தியர்களின் சங்கம் 1979இல் தர விதிகளை வெளியிட்டது. பிறகு அவை பல தடவை திருத்தப்பட்டன. இன்றைய விதிப்படி, 3 லீற்றர் சிரிஞ்சால் காற்றைத் தள்ளிப் பார்த்தால் மெஷின் காட்டுவது 3 சதவீதத்துக்கு மேல் பிசகக்கூடாது. ஒழுங்கான மூன்று ஊதல்கள் வேண்டும். பெரியவர்களுக்கு, நல்ல இரண்டுக்கும் இடையில் 150 மில்லிலீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

மரைக்கால் சரியாச்சு. ஆனால் எவ்வளவு இருந்தால் "சாதாரணம்"?

1869இல் பெஞ்சமின் கூல்ட், அமெரிக்கப் படைவீரர்களின் அளவுகளைத் தொகுத்து, கறுப்பினத்தவரின் மூச்சளவு குறைவு என்று எழுதினார். அடிமை வாழ்வும் பசியும் அந்தக் கணக்கில் வரவில்லை. அப்படியான எண்ணம் பின்னாளில் மெஷினுக்குள்ளேயே ஏறியது. கறுப்பினத்தவருக்கு 10 முதல் 15 சதவீதம், ஆசியர்களுக்கு 4 முதல் 6 சதவீதம் குறைத்துத்தான் "சாதாரணம்" கணித்தார்கள். அதே அளவு மூச்சு வெள்ளைக்காரருக்கு நோய், மற்றவருக்குச் சுகம்!

2012இல் 70,000க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைக் கொண்டு உலகளாவிய அட்டவணை வந்தது. அதில் நான்கு இனக்குழுக்கள். இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனி இடமில்லை. நாங்க "மற்றவை". இனம் கேட்காத அட்டவணை 2022இல்தான் வந்தது. அதையே பாவிக்கும்படி அதே சங்கம் 2023இல் பரிந்துரைத்தது.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் போகல, கஹட்டகஹ போன்ற காரீயச் சுரங்கங்கள் உண்டு. காரீயத் தூசி நுரையீரலில் படிவதைப் பற்றி ரணசிங்ஹவும் உரகொடவும் 1972இல் எழுதினார்கள். பிறகு உரகொட தும்பு, கறுவாத் தொழிலாளர்களையும் ஆராய்ந்தார். எங்கட தூசிக்கும் ஒரு வரலாறு இருக்குது.

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இன்றும் நாட்டில் இருக்கு. நோய் தொழிலால் வந்தது என்று காட்ட வேண்டுமென்றால், அளவிலிருந்துதான் தொடங்க வேணும்.

களத்தில் மரைக்காலைத் திருப்பிப் பார்க்காமல் எங்கட பெரியவங்க நெல்லை அளக்க விடுவதில்லை. மூச்சை அளக்க வருகிறவரிடமும் நாம் கேட்கலாம்: மெஷினைச் சரிபார்த்தீங்களா? எந்த அட்டவணை போட்டிருக்கீங்க?