கல்லமேட்டில் கரைந்த பூதம்

திருப்பூரில் குழந்தைகள் உடுப்புக்கு ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனிகளின் பிரிண்டிங் மேசைகளில் டைனோசருக்குப் பஞ்சமே கிடையாது. அதிலும் கழுத்து நீண்ட ரகத்துக்குத்தான் மவுசு. பச்சை உடம்பு, சிரித்த வாய், முதுகில் ஒரு குருவி. டிசைன் வெளிநாட்டிலிருந்து வருவதால் அந்தப் பிராணிக்கும் வெளிநாடுதான் சொந்த ஊர் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த இனத்திலேயே ஆகப் பெரியது எது என்ற வழக்கில் இன்று முன்னால் நிற்கும் பெயர்களில் ஒன்று அரியலூர் மாவட்டத்து மண்ணிலிருந்து வந்தது.

நம் கொங்கு நாட்டுப் பழைய ஊர்களான கொடுமணலுக்கும் படியூருக்கும் போக 2000 ஆண்டு பின்னால் நடந்தால் போதும். இந்தப் பிராணியைப் பார்க்க ஏறக்குறைய 7 கோடி ஆண்டு நடக்க வேண்டும். கொங்கு நாட்டுக்குள்ளேயே தேடக் கூடாதா என்று கேட்பீர்கள். பயனில்லை. நம் காலடிப் பாறை 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. அதில் பச்சைக்கல் கிடைக்கும், எலும்பு கிடைக்காது. அரியலூர் கதை வேறு. அங்கே கடல் ஏறி இறங்கியிருக்கிறது. சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. கடல் விலகிய பின் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் சேர்ந்த அடுக்கு, கல்லமேடு என்ற சிற்றூரின் பெயரால் வழங்குகிறது.

இந்தப் படிவங்களை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு ஆராய்ந்தார். அரியலூரும் சேர்ந்த அன்றைய திருச்சி மாவட்ட டைனோசர்களைப் பற்றி சார்லஸ் மேட்லி 1929இல் எழுதினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, கணைக்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றைத் தோண்டி எடுத்தார்கள். 1987இல் அந்தப் பிராணிக்கு வைத்த பெயர் புருஹத்காயோசாரஸ் மேட்லேயி. பேருடல் கொண்டது என்பது முதல் பாதி. பின்பாதி மேட்லிக்கு மரியாதை.

கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். நம் வீட்டு நிலைவாசல் உயரம். அர்ஜென்டினாவின் பெருமையான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். வேடிக்கை என்னவென்றால், முதல் கட்டுரை இதை ஊன் தின்னும் வகையில் சேர்த்திருந்தது. அத்தனை பெரிய புலால் உண்ணி நிலத்தில் எங்கும் கிடையாது. இது கழுத்து நீண்ட தாவர உண்ணிதான் என்று 1995இல் சங்கர் சாட்டர்ஜி எடுத்துச் சொன்னார்.

ஒரு பிராணி இந்த அளவு வளர்வது எப்படி? அதன் கழுத்திலேயே பாதி விடை இருக்கிறது. தொடக்கத்தில் இந்த வம்சம் இரண்டு காலில் ஓடிய சிறு பிராணிகள்தாம். உடல் கனக்கக் கனக்க நான்கு காலும் தரையில் ஊன்றின. பிராணஹிதா–கோதாவரி பள்ளத்தாக்கில் கிடைத்த பாராபாசாரஸ் தூண் போன்ற கால்களோடு நிற்பது அந்தக் கட்டத்தைக் காட்டுகிறது. தாகூர் நூற்றாண்டையொட்டி அவர் பெயரையும் சேர்த்துக்கொண்ட அதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பார்க்கலாம். இந்த வம்சத்துப் பிராணிகள் மெல்லுவதில்லை, இலையை உருவி அப்படியே விழுங்கும். மெல்லும் பல்லும் தாடைத் தசையும் வேண்டாம் என்றால் தலை சிறுத்துவிடும். தலை சிறுத்தால் அதைத் தாங்கும் கழுத்து நீளலாம். கழுத்து நீண்டால் நின்ற இடத்திலிருந்தே ஒரு சுற்று மேய்ந்துவிடலாம். அந்தப் பேருடலை அடிக்கடி நகர்த்த வேண்டியதில்லை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தில் 7 எலும்பு, நமக்கும் 7. இந்த வம்சத்தில் சிலவற்றுக்கு 19 வரை உண்டு. அந்த எலும்புகளுக்குள் பறவைகளுக்கு இருப்பது போலக் காற்றறைகள். அதனால் பார்வைக்குத் தெரியும் அளவுக்குக் கனமில்லை. சீனாவின் மாமென்சிசாரஸ் ஒன்றின் கழுத்து சுமார் 15 மீட்டர் என்று 2023இல் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் 16.7 கோடி ஆண்டுப் பழைய தாரோசாரஸை ரூர்க்கி ஐ.ஐ.டி. குழு அறிவித்தது. இந்த வம்சத்தின் கதையில் இந்தியா ஓரத்தில் நிற்கும் ஊர் அல்ல.

கல்லமேட்டுக்குத் திரும்புவோம், வயிற்றெரிச்சல் அங்கேதான். நீர் ஊறிய களிமண்ணில் கிடந்த எலும்பு தொட்டால் உதிரும். பிளாஸ்டர் கட்டு போட்டு எடுத்தவைகூட அலுவலகம் போய்ச் சேருமுன் கட்டுக்குள்ளேயே நொறுங்கியிருக்கின்றன. பூதத்தின் எலும்பும் போய்விட்டது என்று 2017இல் கால்டனும் அய்யாசாமியும் எழுதினார்கள். எஞ்சியவை கோட்டோவியங்கள். அவற்றை வைத்துக்கொண்டு, இது எலும்பே அல்ல, கல்லாய்ப்போன மரமாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் படுத்திருக்கும்போது அந்த ஐயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. 2022இல்தான் பாலும் அய்யாசாமியும், முதலில் அகழ்ந்தபோது எடுத்த படங்களை வெளியிட்டார்கள். மரம் என்ற பேச்சு அதன் பிறகு எடுபடாது என்பது என் எண்ணம். மறு ஆண்டு கிரிகரி பாலும் (இவர் வேறு பால்) லர்ரமெண்டியும் போட்ட எடைக் கணக்கு 110 முதல் 170 டன். நீலத் திமிங்கலத்தோடு மோதும் எடை! இந்த எண்ணை நான் அவ்வளவு நம்பவில்லை. கையில் எலும்பு இல்லாமல் படத்தை அளந்து போட்ட கணக்கு 60 டன் முன்பின் ஆடுவதில் வியப்பில்லை.

ஜபல்பூரில் 1828இல் ஸ்லீமன் கண்டெடுத்த வால் எலும்பும் ஒரு காலத்தில் தொலைந்ததுதான். ஆசியாவில் கிடைத்த முதல் டைனோசர் எலும்பு அது. லைடெக்கர் 1877இல் அதற்கு டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டார். 2012இல் கொல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்புக்குள்ளிருந்தே அதைத் தேடி எடுத்தார்கள். கல்லமேட்டு எலும்பைத் தேட அப்படி ஒரு அலமாரி இல்லை. மீண்டும் அதே களிமண்ணைத்தான் தோண்ட வேண்டும், இந்த முறை எலும்பை இறுக்கும் பசையோடு, மழைக்கு முன்னால்.