கையிருப்பு பெருத்த நிறுவனம் எதை வாங்க வேண்டும்? ஆப்பிளின் கொள்முதல்களை முன்வைத்து ஒரு விவாதம்

2017 டிசம்பர் இறுதியில் ஆப்பிளிடம் ரொக்கமும் பத்திரங்களுமாக ஏறத்தாழ 28,500 கோடி டாலர் இருந்தது. நெட்ஃபிளிக்ஸை வாங்கலாம், டிஸ்னியை வாங்கலாம், டெஸ்லாவை வாங்கலாம் என்று பங்குச் சந்தை ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளில் யோசனை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆப்பிள் இவற்றில் எதையும் வாங்கவில்லை. அதுவரை அது செய்திருந்த மிகப் பெரிய கொள்முதல், 2014இல் பீட்ஸுக்குக் கொடுத்த 300 கோடி டாலர்தான். இதைச் சிலர் கஞ்சத்தனம் என்றார்கள், சிலர் கற்பனை வறட்சி என்றார்கள். இரண்டுமே பணப்பெட்டியைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்புகிறவர்களின் பேச்சு. எவ்வளவு வாங்க முடியும் என்பது ஒரு கேள்வி, எதை வெளியாரிடம் விட்டுவைக்க முடியாது என்பது வேறு கேள்வி. பணம் மிகுந்த தொழில்நுட்ப நிறுவனம் இரண்டாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

உபரிப் பணத்தின் ஆபத்தை மைக்கேல் ஜென்சன் 1986லேயே விளக்கிவிட்டார். லாபம் தரும் திட்டங்களுக்குப் போக மிஞ்சும் பணத்தைப் பங்குதாரர்களிடம் திருப்பித் தர மேலாளர்களுக்கு மனம் வருவதில்லை. நிறுவனத்தைப் பெரிதாக்குவதில்தான் அவர்களுடைய அதிகாரமும் ஊதியமும் இருக்கின்றன. கையிருப்பு மிகுந்த நிறுவனங்கள் செய்யும் கொள்முதல்கள் சராசரியாக மதிப்பைக் குறைக்கின்றன என்று ஜாரட் ஹார்ஃபோர்ட் 1999இல் தரவுகளோடு காட்டினார். ஆனால் இந்த எச்சரிக்கை எதை வாங்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. எதை வாங்கலாம் என்பதற்கு, நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று 1937இல் கேட்ட ரொனால்ட் கோஸிடம்தான் போக வேண்டும். சந்தையில் பேரம் பேசிப் பெறுவதைவிடத் தன் கூரைக்குள் செய்வது மலிவு என்னும்போது, அந்த வேலை நிறுவனத்துக்குள் வருகிறது.

2008 ஏப்ரலில் பி.ஏ. செமி என்ற சிறிய சில்லு வடிவமைப்பு நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. விலை 27.8 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. அந்த ஆண்டு செப்டம்பரில் ஆப்பிளின் கையிருப்பு 2,450 கோடி டாலர் என்பதால், நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். பி.ஏ. செமி விற்றது பவர்பிசி வகைச் சில்லு. அந்த வகையைக் கைவிட்டு இன்டெல்லுக்கு மாறுவதாக ஆப்பிள் 2005லேயே அறிவித்துவிட்டது. ஆகவே வாங்கப்பட்டது சரக்கும் அல்ல, வாடிக்கையாளர் பட்டியலும் அல்ல. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில்லை வடிவமைக்கத் தெரிந்த ஏறத்தாழ நூற்றைம்பது பேர்தான். முதல் ஐபோனின் முதன்மைச் சில்லைச் செய்து கொடுத்தது சாம்சங். அதே சாம்சங் கைபேசிச் சந்தையில் போட்டியாளராகவும் இருந்தது. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும், திரை எவ்வளவு வேகமாக அசையும் என்பதை வெளியார் வடிவமைக்கும் ஒரு பாகம் தீர்மானித்தால், அடுத்த ஆண்டுப் பொருளின் எல்லையும் அவர் கையில்தான். 2010இல் ஆப்பிளின் சொந்தச் சில்லான ஏ4 வந்தது, 2020 நவம்பரில் மடிக்கணினிக்குள் எம்1 வந்தது. இந்த லாபத்தை 2008ஆம் ஆண்டின் எந்த வரவு செலவுக் கணக்கிலும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது.

2012இல் 35.6 கோடி டாலருக்கு வாங்கிய ஆதென்டெக்கும் இதே வகை. அதன் கைரேகை உணரி 2013 செப்டம்பரில் ஐபோன் 5எஸ்ஸின் பொத்தானுக்குள் வந்தது. ஆனால் இங்கே ஒரு நெருடல் உண்டு. மோட்டோரோலாவின் ஏட்ரிக்ஸ் உட்படப் பிறர் கைபேசிகளுக்கும் உணரி கொடுத்துவந்த நிறுவனம் அது. வாங்கியவருக்குப் பாகம் கிடைத்தபோது மற்றவர்களுக்குக் கடை மூடியது. என் அளவுகோல் நிறுவனத்துக்கு நல்லது என்று சொல்கிறேனே தவிர, சந்தைக்கும் நல்லது என்று சொல்ல வரவில்லை.

இந்த அளவுகோலைக் கடுமையாகச் சோதிக்கும் எடுத்துக்காட்டு மைக்ரோசாஃப்ட்டுடையது. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்க அது ஒப்பந்தம் செய்தது. விண்டோஸ் கைபேசிகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்தது நோக்கியாதான். அது ஆண்ட்ராய்டுக்குப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. கோஸ் வழியில் பார்த்தால் வாங்கியது சரி என்றே படும். இருந்தும் 2015 ஜூலையில் 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நட்டமாகக் கணக்கில் எழுதியது. காரணம், அந்தப் பாகம் சேரவேண்டிய பொருளே நிற்கவில்லை. செயலிகள் எழுத ஆளில்லாத இயங்குதளத்துக்குத் தொழிற்சாலை மருந்தாகாது. எனவே இரண்டாவது நிபந்தனை ஒன்றும் தேவைப்படுகிறது: பாகம் எதில் பொருந்துகிறதோ, அதை வாங்க மக்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்க வேண்டும். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை வரி வழக்கால் இந்த விற்பனையில் சேர்க்கப்படாமல் நோக்கியாவிடமே தங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. ஒரு கொள்முதலின் கணக்கு வாங்கியவரின் ஏட்டோடு முடிவதில்லை என்பதை அந்த வட்டாரத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பணம் எங்கே கிடக்கிறது என்பதும் தேர்வை வளைக்கும். 2017 வரை வெளிநாட்டு லாபத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால் 35 சதவீதம் வரை வரி. வெளியிலேயே செலவழித்தால் அந்தத் தொல்லை இல்லை. லக்சம்பர்க்கில் பதிவான ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2011இல் 850 கோடி டாலருக்கு வாங்கியதில் இந்த வசதிக்கும் பங்கிருந்ததாக அப்போதே பேசப்பட்டது. வரிச் சலுகை தேர்வுக்குக் காரணமாகும்போது ஜென்சனின் அச்சம் இன்னொரு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

வெற்றி பெற்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து விதி செய்கிறேன் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். மோடம் விற்கும் குவால்காமுடன் வழக்காடி 2019 ஏப்ரலில் சமரசமான ஆப்பிள், அதே ஆண்டு இன்டெல்லின் கைபேசி மோடம் பிரிவையும் சுமார் 2,200 ஊழியர்களையும் 100 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டு நிபந்தனைகளும் பொருந்திய கொள்முதல் அது. ஆனாலும் சொந்த மோடம் ஐபோன் 16இயில் வெளிவர 2025 பிப்ரவரி ஆயிற்று. அதுவரை குவால்காமின் மோடத்தையே வாங்கிக்கொண்டிருந்தார்கள். பீட்ஸோ என் விதிக்குள் முழுதாக அடங்கவே இல்லை. அதன் பாட்டுச் சேவை 2015இல் ஆப்பிள் மியூசிக்குக்கு அடித்தளமானது என்றாலும், தலையணிக்கருவித் தொழிலை எந்தப் பொருளின் பாகம் என்று சொல்வது? இன்னொன்று: ஆப்பிளைக் காப்பாற்றிய கொள்முதலான நெக்ஸ்ட், 1996 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன் செப்டம்பரில் முடிந்த நிதியாண்டில் ஆப்பிள் 81.6 கோடி டாலர் நட்டத்தில் இருந்தது. புதிய இயங்குதளம் இல்லாமல் மேக் நகராது என்ற நெருக்கடிதான் அன்று தேர்வைச் செய்தது, கையிருப்பு அல்ல.

இப்படித் தேடினால் ஆண்டுக்கு எத்தனை பாகங்கள் அகப்படும்? கொஞ்சம்தான், அவையும் பெரும்பாலும் மலிவானவை. பெட்டி நிரம்பியபடியே இருக்கும். ஈவுத்தொகை கொடுப்பதாகவும் பங்குகளைத் திரும்ப வாங்குவதாகவும் 2012 மார்ச்சில் ஆப்பிள் அறிவித்தது. அடுத்த ஆண்டு, வெளிநாட்டில் கிடந்த பணத்தைத் தொடாமல், அதற்காக 1,700 கோடி டாலர் கடனும் வாங்கியது.